இருவர் மூச்சில் ஒரு ஸ்வரம்

ஆலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் பகலெல்லாம் உழைத்தவர்கள் மாலையில் பித்தளை வாத்தியங்களைக் கையிலெடுத்துத் தலைமுறை தலைமுறையாகப் பயின்று வந்த யார்க்‌ஷயரின் சிற்றூர் ஒன்றில், மழை தூறிய ஓர் அந்திப்பொழுதில், பேண்டுக் கூடத்தின் கதவைத் தட்டினேன். 1855-இல் க்வீன்ஸ்பரி நெசவாலையின் ஆதரவில் உருவான பிளாக் டைக் குழுவும், தன்னை ஈன்ற சுரங்கம் 1993-இல் மூடப்பட்ட பின்னரும் வாசிப்பை நிறுத்தாத கிரைம்தார்ப் குழுவும் அப்பிரதேசத்தின் கீர்த்தியை உலகறியச் செய்தவை. நான் நாடிச் சென்றதோ, எந்தக் குழுவிலும் பின்னே அமர்ந்து கீழ்ஸ்தாயியைத் தாங்கும் பாஸ் வாத்தியக்காரர்களின் சாதகத்தை.

குழுவுக்கு இ ஃபிளாட் பாஸ் இரண்டு, பி ஃபிளாட் பாஸ் இரண்டு. அன்று பி ஃபிளாட்காரர்கள் இருவரும் வந்திருந்தனர்: சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், பள்ளி ஆசிரியையான இளம்பெண் ஒருத்தி. பெரியவர் முதற்காரியமாக, மூலையிலிருந்த டிரம்மின் அடித்தோலை ஒட்டிய கம்பிச்சரத்தைத் தளர்த்தினார். இல்லையேல், யாரும் தொடாமலே அதுவும் சேர்ந்து அதிருமாம்.

சுருண்டிருக்கும் பி ஃபிளாட் பாஸின் குழாயை நீட்டினால் ஏறக்குறைய 18 அடி வரும். பெடல் ஸ்வரம் எனப்படும் அதன் ஆதார ஸ்வரத்துக்கு நொடிக்கு 29 அதிர்வுகளே. வசதியான ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தை நிறுத்தி, அதன் நாதத்தைக் காதில் பதித்துக்கொண்டு, தாடையைத் தாழ்த்தி, உதடுகளைத் தளர்த்தி, மௌத்பீஸை அழுத்தாமல், நிதானமான அகன்ற மூச்சோடு அவர்கள் அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக இறங்கினார்கள். ஓரிடத்தில் ஆசிரியையின் ஸ்வரம் உடைந்து மேல் ஸ்தாயிக்குத் தாவியது.

“பயந்தால் உதடு இறுகிவிடும், அம்மா. முதலில் வாயால் பாடு, பிறகு ஊது,” என்றார் பெரியவர்.

அவள் பாடினாள், ஊதினாள், ஸ்வரம் நின்றது.

எனினும் அத்தகைய ஸ்வரம் மூச்சை வாரி விழுங்குவது; திடகாத்திரமானவருக்கும் சில நொடிகளே தாங்கும். ஆகவே ஒருவர் மூச்செடுக்கையில் மற்றவர் நாதத்தை அறுபடாமல் ஏந்த வேண்டும். நின்றவர் மீண்டும் சேரும்போது, சேர்ந்தது தெரியாமல் சேர வேண்டும். அவர்களுடைய இசைத்தாள்களைப் பார்த்தேன். பெரியவரின் தாளில் மூச்சுக்குறிகள் நெருங்கிக் கிடந்தன. பழையவற்றின் இடையே புதியனவும் பென்சிலால் இடப்பட்டிருந்தன. ஆசிரியையின் தாளிலோ, பலமுறை அழித்தெழுதிய தடங்கள். அவர் குறி நகர்ந்த இடமெல்லாம் தன் குறியையும் அவள் நகர்த்தியிருந்தாள். அதைப்பற்றி இருவரும் எதுவும் சொல்லவில்லை.

இறுதியாக, ஒரு ஸ்தோத்திர கீதத்தின் முடிவிலுள்ள நெடிய பெடல் ஸ்வரத்தை வாசித்தார்கள். செவிக்கு முன்பாக, நான் அமர்ந்திருந்த பலகை அதை அறிந்தது. ஜன்னல் கண்ணாடி முணுமுணுத்தது. யார் எப்போது மூச்செடுக்கிறார் என்று கண்ணை மூடிக் கேட்டேன். ஸ்வரம் ஓயும்வரை கண்டுகொள்ள முடியவில்லை.