சுவாமிக்குக் கிடைத்த அப்பா

தூர்தர்ஷனில் ‘மால்குடி டேஸ்’ ஓடிய காலத்தில், அதில் வரும் சுவாமிதான் கதையை எழுதிய ஆர்.கே. நாராயண் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். திங்கட்கிழமை என்றாலே வயிற்றைக் கலக்கும் பையன், கிரிக்கெட் பைத்தியம், அப்பாவின் குரல் கேட்டால் புத்தகத்தை எடுப்பவன். எழுதியவரும் இப்படித்தான் வளர்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டோம். அவருடைய தன்வரலாறான ‘மை டேஸ்’ (1974) பல வருடம் கழித்துத்தான் என் கைக்கு வந்தது. அதில் இருந்தவன் வேறு பையன்.

1906இல் சென்னையில் பிறந்த அந்தப் பையன் புரசைவாக்கம் வெள்ளாளத் தெருவில் பாட்டியிடம் வளர்ந்தான். பாட்டி வைத்த செல்லப்பெயர் குஞ்சப்பா. அப்பா மைசூர் சமஸ்தானத்தில் பள்ளித் தலைமையாசிரியர். அம்மாவும் கூடப்பிறந்தவர்களும் அங்கேதான். இவனுக்கு விளையாட்டுத் துணை ஒரு மயிலும் ஒரு குரங்கும்.

சுவாமிக்கோ வக்கீல் அப்பா, அம்மா, புதிதாகப் பிறந்த தம்பி, பாட்டி என்று வீடு நிறைய ஆட்கள். வெளியே போனால் மணி, ராஜம் என்று நண்பர்கள். நாராயண் தனக்குக் கிடைக்காததையெல்லாம் அவன் மடியில் கொட்டியிருக்கிறார்.

ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். நாராயண் சிறுவயதில் படித்தது மிஷன் பள்ளியில். வேதபாட வகுப்பில் இந்துக் கடவுள்களைக் கேலி செய்வதை உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது என்று எழுதியிருக்கிறார். அதே வகுப்பு சுவாமியின் கதையைச் சொல்லும் நாவலிலும் வருகிறது. ஆனால் சுவாமி எழுந்து நின்று கேள்வி கேட்கிறான். வாத்தியார் எபனேசர் காதைத் திருகுகிறார். மறுநாள் அப்பா தலைமையாசிரியருக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்புகிறார். அந்தக் கடிதத்தை நான் சாதாரணமாகத் தாண்டிப் போக முடிந்ததில்லை. நானும் பாட்டி வீட்டில் வளர்ந்தவள். பள்ளியில் ஏதாவது நடந்தால் மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் வந்து நிற்பார்கள். எனக்கு வர ஆளில்லை. பாட்டி மனசு நோகும் என்று வீட்டில் சொல்லவும் மாட்டேன். புரசைவாக்கத்துப் பையனின் அப்பாவும் தூரத்து ஊரில்தான் இருந்தார். சுவாமியின் அப்பா அதே வீட்டில் இருக்கிறார், விஷயம் கேட்டதும் பேனாவை எடுக்கிறார்.

பாட்டியை நாராயண் என்ன செய்தார் என்பது இன்னும் சுவாரசியம். நிஜப் பாட்டி அம்மணி அதிகாரமானவர். பேரனுக்குக் கணக்கும் சமஸ்கிருதமும் புராணமும் சொல்லிக்கொடுத்தவர். விளையாடிவிட்டு வந்த பையனைச் சாயங்காலம் பாடம் ஒப்பிக்காமல் விடமாட்டார். நாவலில் அந்தக் கண்டிப்பும் கணக்கும் அப்பாவின் கைக்குப் போய்விட்டன. மாம்பழக் கணக்கைப் போடச் சொல்லி அவர் உட்காரவைக்க, பழம் பழுத்ததா காயா என்று தெரியாமல் சுவாமி தவிக்கிறானே, அங்கே எனக்கு அம்மணியின் குரல்தான் கேட்கிறது. பாட்டிக்கு மிச்சம் இருப்பது முன்கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே ஓர் இருட்டு நடை, ஒரு படுக்கை, ஏலக்காயும் கிராம்பும் வைத்த பெட்டி. கிரிக்கெட் என்றால் என்னவென்று பேரன் அவளுக்குப் பாடம் எடுக்கிறான். வயிற்றுவலிக்கு எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொன்னால் விளையாட ஓடிவிடுகிறான், பிறகு மனசு உறுத்தித் தவிக்கிறான். பிரியம் மட்டும் பாட்டியிடம் தங்கிவிட்டது.

அம்மணி இந்த நாவலுக்கு அந்நியரல்ல. பெங்களூரில் அவர் குறித்துக் கொடுத்த நல்ல நாளில்தான் நாராயண் ஒரு நோட்டு வாங்கி முதல் வரியை எழுதினார். எழுத்தாளர் கிரஹாம் கிரீன் உதவியால் 1935இல் லண்டனில் புத்தகம் வந்தது. அதில் அதிகாரமில்லாமல் நடையில் முடங்கிய அந்தப் பாட்டியைப் பற்றி எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு.

அது தீர்ந்தது ‘கிராண்ட்மதர்ஸ் டேல்’ படித்தபோது. 1992இல், எண்பத்தைந்து வயதைத் தாண்டிய பின் நாராயண் எழுதியது. பாட்டி தன் தாயின் கதையைச் சொல்கிறாள், பேரன் கேட்கிறான். காணாமல் போன கணவனைத் தேடிப் பூனாவரை போய் மீட்டுவந்த பெண்ணின் கதை. சாயங்காலப் பாடத்துக்குப் பையனை இழுத்து உட்காரவைக்கும் அம்மணி, பெயர் மாறாமல், அதட்டல் குறையாமல் அதன் முதல் பக்கங்களிலேயே வந்துவிடுகிறார்.