குரல் மாறிய கதை

எமது பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளையினர் 2008ஆம் ஆண்டிலே கல்லூரி நினைவுகள் அடங்கிய டிவிடி இறுவட்டு ஒன்றை வெளியிட்டமை அன்பர் பலருக்கு நினைவிருக்கும். அதனை ஆக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அத்துறையை நான் முறையாகக் கற்றவனல்லன். கையிலே ஒரு மடிக்கணினி வைத்திருந்தேன் என்பதொன்றே எனக்கிருந்த தகுதி. அந்த இறுவட்டிலே பெரும் பிழை ஒன்று உண்டு. அதனை இழைத்தவனும் நானே. சங்கக் கூட்டங்களில் அரைகுறையாகச் சொல்லிச் சமாளித்த அக்கதையை இம்மலரிலே முழுமையாகச் சொல்லிவிடக் கருதுகிறேன்.

இறுவட்டில் இடம்பெற்றவற்றுள் விலைமதிப்பற்றது 1974ஆம் ஆண்டுப் பரிசளிப்பு விழாவிலே எமது சங்கீத ஆசிரியர் பாடிய தேவாரம். நான்கு நிமிடம் ஓடும் அப்பாட்டு ஒரே ஒரு கசெற்றில் மாத்திரமே எஞ்சியிருந்தது. அதனை வைத்திருந்த நண்பர் இடம்பெயர்ந்த வேளைகளிலெல்லாம் உடுதுணியோடு சேர்த்து அதையும் சுமந்து வந்தவர். நாடா ஒட்டத் தொடங்கிவிட்டது என்று அஞ்சி, பாட்டுச் சீடி செய்யும் எண்ணத்தோடு அவர் அதைக் கணினியில் ஏற்றி வைத்திருந்தார். சீடிக்குரிய முறையில் ஒலியை விநாடிக்கு 44,100 மாதிரிகளாக எடுத்திருந்தார். இவ்வெண்ணை வாசகர் சற்று நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

தேவாரம் ஒலிக்கும்போது திரையிலே பழைய புகைப்படங்கள் ஒவ்வொன்றும் பத்து விநாடி நின்று மாறுமாறு அமைத்தேன். ஆக 24 படங்கள். கடைசிப் படம் விடுதிச் சமையற்காரருடையது. அகப்பையோடு நின்று சிரிக்கும் படம்.

டிவிடி ஆக்குவோர் கணினித் திரையை மாத்திரம் நம்பினால் ஏமாந்து போவர். அது படத்தை விளிம்புவரை காட்டும்; அக்காலத்துத் தொலைக்காட்சிப் பெட்டிகளோ நாற்புறமும் ஓரங்களை மறைத்துவிடும். நான் முதலில் எழுதிய பட்டியற் பக்கத்திலே, கீழ் ஓரத்தில் இருந்த சங்கத் தலைவரின் பெயர் தொலைக்காட்சியில் காலின்றித் தோன்றியிருக்கும். மெல்லிய கோடுகளும் அவ்வாறே. கணினியில் அசையாது நிற்பவை, இடைவிட்டு வரையும் தொலைக்காட்சியில் நடுங்கும். ஆதலின் வீட்டுத் தொலைக்காட்சியை எஸ்-வீடியோக் கம்பியினால் மடிக்கணினியோடு இணைத்து, வெளித்திரையாக வைத்துப் பார்ப்பதென்று துணிந்தேன்.

இணைத்ததும் பட்டியற் பக்கத்தின் எழுத்துக்கள் தெரிந்தன. படம் ஓடவேண்டிய சதுரம் மாத்திரம் கன்னங்கரேலென்று கிடந்தது. கம்பியை மாற்றினேன், மென்பொருளை அழித்து மீண்டும் நிறுவினேன், இரண்டு இரவுகள் இவ்வாறு கழிந்தன. உண்மையிலே எதுவும் பழுதடையவில்லை. அக்காலக் கணினிகளில் ஓடும் படத்தைக் கிராபிக்ஸ் அட்டை ஏனைய எழுத்துக்களோடு சேர்த்து வரைவதில்லை. சாளரத்திலே வெற்றிடம் ஒன்றை விட்டு, அதன்மேல் வேறொரு வழியால் படத்தைப் போர்த்தும். அந்தப் போர்வை பல அட்டைகளில் ஒன்றே ஒன்றுதான். அதுவும் முதன்மைத் திரைக்கே உரியது. இரண்டாம் திரைக்கு வெற்றிடமே மிஞ்சும். தொலைக்காட்சியை முதன்மைத் திரையாக அமைத்தேன், படம் வந்தது. வன்பொருள் முடுக்கத்தைக் குறைத்தாலும் வந்திருக்கும். ஆனால் படம் இடறி இடறி ஓடும்.

படம் வந்தது, குரல் வரவில்லை. எஸ்-வீடியோக் கம்பி ஒலியைச் சுமப்பதில்லை என்பதைக்கூட நான் அப்போதுதான் அறிந்தேன். காதொலிக் குழியிலிருந்து வேறொரு கம்பியைத் தொலைக்காட்சிக்கு இழுத்தேன். பட்டியற் பக்கத்து நாதஸ்வரம் நன்றாகக் கேட்டது. தேவாரம் தொடங்கியதும் மௌனம்.

இவ்விடத்திலே ஒரு நல்ல காரியம் செய்தேன்: கம்பிகளைத் தொடாமல், கேட்பதற்கும் கேளாததற்கும் உள்ள வேறுபாடு யாது என்று யோசித்தேன். நாதஸ்வரம் சுருக்கப்படாத பி.சி.எம். ஒலி, தேவாரமோ ஏசி-3 என்னும் முறையில் முன்னரே சுருக்கப்பட்டது. இரு தடமுள்ள பி.சி.எம். ஒலி விநாடிக்கு 1,536 கிலோபிற் இடம் கேட்கும். நான் சுருக்கிய ஏசி-3 ஒலிக்கு 192 போதும். எட்டில் ஒரு பங்கு. ஆயின் நான் கையாண்ட மென்பொருளுக்கு அதனை இறுவட்டில் எழுதத் தெரியுமேயன்றி, முன்னோட்டத்தில் விரித்துப் பாடத் தெரியாது. அப்படியே எழுதியிருந்தால் எந்த டிவிடி இயந்திரத்திலும் தேவாரம் பிழையின்றிக் கேட்டிருக்கும். காதாற் கேளாமல் எழுத என் மனம் ஒப்பவில்லை. அந்தப் பிடிவாதமே வினையாயிற்று.

தேவாரத்தையும் பி.சி.எம். ஆக இடுவோம் என்று நண்பர் தந்த மூல ஒலியை எடுத்தேன். தலைப்புக் குறிப்பு எதுவுமில்லாத வெறுங்கோப்பாக அதனைச் சேமித்து மென்பொருளுக்குக் கொடுத்தபோது, விநாடிக்கு எத்தனை மாதிரிகள் என்று அது வினவியது. டிவிடிக்கு 44,100 ஆகாது, 48,000 வேண்டும் என்று படித்திருந்தேன். ஆதலின் 48,000 என்று எழுதினேன். மென்பொருள் கேட்டது எது வேண்டும் என்பதன்று, எது உளது என்பது. முன்னர் ஏசி-3 ஆகச் சுருக்கியபோது அதற்குரிய கருவி தானே 44,100ஐ 48,000 ஆக மாற்றிக் கொண்டது. இப்போது மாற்றுவார் எவருமில்லை. வேகம் மாத்திரம் மாறியது.

முன்னோட்டத்தை இயக்கினேன். பாட்டுக் கேட்டது! அந்த மகிழ்ச்சியில் எனக்குக் கண்ணும் மறைந்தது, காதும் மறைந்தது. பாட்டு முடிந்தபின் கடைசி இரு படங்களும் ஒலியின்றி நின்றன. முன்னர் கணக்குச் சரியாக இருந்ததே, இப்போது ஏன் இருபது விநாடி குறைகின்றது என்று கேட்டிருக்கவேண்டியவன், முன்னர்தான் பிழையாக எண்ணிவிட்டேன் என்று கருதி அவ்விரு படங்களையும் நீக்கினேன். பாட்டும் படமும் ஒருங்கே முடிந்தன. சமையற்காரர் போய்விட்டார்.

நூற்றைம்பது இறுவட்டுக்கள் எழுதினோம். இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் மெல்பேணுக்கும் சென்றன. பாராட்டுக் கடிதங்கள் வந்தன. ஒருவர், ஆசிரியருடைய குரலிலே இத்துணை இளமை இருந்ததைத் தாம் மறந்துபோனதாக எழுதியிருந்தார். அக்கடிதத்தை நான் பலருக்கும் காட்டினேன்.

ஆசிரியர் அப்போது எண்பது கடந்தவராய் வெள்ளவத்தையில் மகளுடன் வாழ்ந்திருந்தார். இறுவட்டை நேரிற் கொண்டு சென்றேன். அவருக்குப் பார்வை மங்கியிருந்தது. ஆதலால் படங்களைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. தேவாரம் தொடங்கிச் சிறிது நேரத்தில் கையை உயர்த்தினார்.

"தம்பி, இது ஆர் பாடுறது?"

"நீங்கள்தான் சேர். எழுபத்துநாலாம் ஆண்டுப் பரிசளிப்பு விழா."

"நானோ?" என்றார். பின்பு மகளை அழைத்துச் சுருதிப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். துருத்தியை அசைத்துச் சற்று நேரம் தேடினார். "நான் எந்த நாளும் ஒரு கட்டையிலைதான் பாடினனான். இது ஒண்டரையிலும் சேரேல்லை, ரண்டிலும் சேரேல்லை. நடுவிலை நிக்குது. இப்பிடி ஒரு சுருதி இல்லைத் தம்பி."

குரலில் கோபமில்லை. அதுவே எனக்கு அதிகம் உறைத்தது. ஆறு ஆண்டுகள் அவர் முன்னே அமர்ந்து பாடக் கற்றவன் நான். இலண்டன் நண்பர் பிரிந்து முப்பது ஆண்டு; அவரைக் குறை கூறுதல் தகாது. நான் மூன்று இரவு அந்தப் பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தவன். ஒலி வருகின்றதா என்று கேட்டேனேயன்றி, அவர் பாடுகின்றாரா என்று கேட்கவில்லை.

வீடு திரும்பியதும் கணக்கிட்டேன். 48,000ஐ 44,100 ஆல் வகுத்தால் 1.088 வரும். சுருதியிலே அஃது ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம். ஒரு கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு ஓர் அரைச்சுரம். இரண்டு கட்டைக்கு இரண்டு. அவர் சொன்னவாறே நடுவில். நான்கு நிமிடப் பாட்டு 3 நிமிடம் 40½ விநாடியில் முடியும். நான் இரண்டு படங்களை நீக்கி மறைத்த நேரம் அதுவே. பழைய கசெற்றுக்கள் வேகம் சிறிது தவறி ஓடுவது வழக்கமாகையால் அதன்மேற் பழி போடலாமோ என்றும் ஒரு கணம் எண்ணினேன். எண்கள் அவ்வளவு துல்லியமாகப் பொருந்திய பின் அதற்கும் இடமில்லாது போயிற்று.

ஒலியை முறையாக 48,000க்கு மாற்றி, படங்களை மீண்டும் சேர்த்து, இரண்டாம் முறை எழுதினோம். ஒருமுறை எழுதிய இறுவட்டைத் திருத்த இயலாதாகையால் முன்னையவை யாவும் வீண். செலவை நானே ஏற்றேன். புதியதை ஆசிரியருக்குப் போட்டுக் காட்டியபோது அவர் சுருதிப் பெட்டியை மடியில் வைத்து ஒரு கட்டையில் பிடித்துக்கொண்டு இறுதிவரை கேட்டார். "மூண்டாம் அடியிலை அவசரப்பட்டிட்டன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. 2012ஆம் ஆண்டு அவர் காலமானார்.

புதிய இறுவட்டுக்களை எல்லா முகவரிகளுக்கும் அனுப்பினோம். எனினும் பழையவற்றை எவரும் எறிந்ததாகத் தெரியவில்லை. இன்று மடிக்கணினிகளிலே இறுவட்டு இடும் இடமே அருகிவிட்டது. அன்பர்கள் அத்தேவாரத்தைக் கைத்தொலைபேசியில் ஏற்றி ஒருவருக்கொருவர் அனுப்பி வருகின்றனர். சென்ற ஆண்டு எனக்கு அவ்வாறு வந்தது நான் கெடுத்த பிரதியே. இதனை வாசிக்கும் பழைய மாணவர்களும், ஆசிரியரை நேரிற் கேட்டறியாத இன்றைய மாணவர்களும் தம்மிடமுள்ளதை ஒருமுறை போட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறேன். தேவாரம் முடியும்போது விடுதிச் சமையற்காரர் அகப்பையோடு நின்று சிரிப்பாராயின் அது நல்ல பிரதி. அவர் இல்லையேல், சங்கச் செயலாளருக்கு ஒரு வரி எழுதினால் மற்றையதை அனுப்பி வைப்பேன்.