கடல் இல்லாத தீவு!

ரயிலிலிருந்து குதித்ததும் ஊர் வந்துவிடும் என்று நினைத்து நெய்வேலிக்குக் கிளம்பாதீங்க பாஸ்! கடலூர் - விருத்தாசலம் ரயில் பாதையில் ஸ்டேஷன் இருக்கிறதே தவிர, நகரியம் அங்கிருந்து தள்ளித்தான். சென்னையிலிருந்து வருபவர்களுக்கு பஸ்தான் வசதி. விக்கிரவாண்டி தாண்டி, பண்ருட்டி தாண்டி, ரோட்டோரம் குவித்து வைத்த பலாப்பழ வாசனை மூக்கை விட்டுப் போவதற்குள் 'ஆர்ச் கேட்' என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். இறங்கிடுங்க.

அந்த வளைவைத் தாண்டி உள்ளே போனால் சத்தம் சட்டென்று குறையும். அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம், வரிசை வரிசையாக ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸ் வீடுகள். 'எந்தத் தெரு?' என்று ஆட்டோக்காரர் கேட்க மாட்டார். 'எந்த பிளாக்?' என்பார். போர்டில் அதையே 'வட்டம்' என்று எழுதியிருப்பார்கள். நம்பர் மறந்தால் போச்சு! நாலு முறை சுற்றினாலும் ஒரே இடத்துக்கு வந்த மாதிரியே இருக்கும். சுற்றிலும் முந்திரிக்காடும் கிராமங்களும். நடுவில் அளவெடுத்துத் தைத்த மாதிரி ஓர் ஊர். தீவு என்று சொன்னது இதைத்தான்.

இன்பிளான்ட் டிரெயினிங் என்று காலேஜ் லெட்டரோடு வரும் மாணவர்களின் முதல் கவலை, எங்கே தங்குவது? நகரியத்துக்குள் இருக்கும் கெஸ்ட் ஹவுஸ்கள் நிறுவனத்தின் விருந்தினர்களுக்கானவை. உள்ளே சித்தப்பா, பெரியப்பா என்று யாராவது குவார்ட்டர்ஸில் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. இல்லாவிட்டால் மந்தாரக்குப்பமோ, இந்திரா நகரோ, வடலூரோதான். என் ஓட்டு மந்தாரக்குப்பத்துக்கு. ஷிப்ட் முடித்து வருபவர்கள் டீக்கடையில் பேசுவதைக் கேட்டாலே பாதி டிரெயினிங் முடிந்த மாதிரி. மூன்று பேர் சேர்ந்து ரூம் போடுங்க. பெட்ஷீட்டையும் பாத்ரூமையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்க. சட்டையை மொட்டை மாடியில் காயப் போடும் முன் ஒரு விஷயம்: சாம்பல் படிகிறது என்பது இந்தப் பக்கத்து மக்களின் பழைய புகார். கொடியை ரூமுக்குள்ளேயே கட்டிக்கிறது நல்லது.

ரூமில் பையைப் போட்டாச்சா? இப்போது கொஞ்சம் கதை.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட, கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நிறுவனம் பதிவானது. 1957 மே 20-ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். கரிப்படலம் கண்ணில் பட்டது 1961-ல்தான். நாலு வருஷம் வெறும் மண்ணை வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், யோசிச்சுப் பாருங்க! 1962-ல் சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது.

இங்கேயே ஏன் மின் நிலையம்? இந்தக் கரியில் பாதிக்குப் பாதி ஈரம். அதை வேகனில் ஏற்றி தூரதேசம் அனுப்புவது தண்ணீருக்கு டிக்கெட் எடுக்கிற கதை! குவித்து வைத்தாலோ தானே சூடேறித் தீப்பிடிக்கும். அதனால் சுரங்க வாசலிலேயே எரித்து, மின்சாரமாக வெளியே அனுப்புகிறார்கள். இந்தத் தீவு பிறந்ததே அந்த ஈரத்தால்தான்.

சுரங்கத்தைப் பார்க்க அனுமதி கிடைத்தால் ஹெல்மெட், ஷூ இல்லாமல் போகாதீங்க. விளிம்பில் நின்று பார்த்தால் கீழே ஏதோ பொம்மை சுற்றுகிற மாதிரி தெரியும். கிட்டே போனால்தான் அது பல மாடி உயரமுள்ள பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் என்பது உறைக்கும். ஜெர்மன் தொழில்நுட்பம். பெரிய ரகத்தில் ஒரு பக்கெட் மட்டும் 1,400 லிட்டர் பிடிக்கும். கரிக்கு மேலே 50 முதல் 100 மீட்டர் வரை மண்ணும், பக்கெட் பல்லைத் தேய்த்துவிடும் கடினமான மணற்கல்லும். கீழேயோ நிலத்தடி நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. ராப்பகலாக பம்ப் ஓடாவிட்டால் சுரங்கம் ஏரியாகிவிடும்! 2017 வறட்சியில் இந்தப் பக்கத்துத் தண்ணீர் வீராணம் குழாய் வழியாகச் சென்னைக்கும் போனது. சுற்று வட்டார விவசாயியைக் கேளுங்க, தன் கிணறு எத்தனை அடி கீழே போனது என்று அவர் வேறு கணக்கு சொல்வார்.

அந்தக் கணக்கைக் கேட்காமல் ஊர் திரும்பாதீங்க. நீங்கள் நடக்கிற நிழல் ரோட்டுக்கு அடியிலும், அந்தப் பள்ளத்தின் காற்றிலும் பல கிராமங்கள் இருந்தன. நிலம் கொடுத்த வீட்டுப் பையன் இன்று ஒப்பந்தத் தொழிலாளியாக கேட்டுக்குள் போகிறான்; நிரந்தர வேலை கேட்டுப் போராட்டமும் நடத்துகிறான். 2020-ல் மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்து இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர். 2023 ஜூலையில் கால்வாய் வெட்டுவதற்காக வளையமாதேவியில் கதிர் விட்ட நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கின. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக, பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்று உத்தரவானது. நம் ஹாஸ்டல் ஃபேனுக்கு வந்த கரண்ட்டில் இதுவும் கொஞ்சம் கலந்திருக்கிறது. டிரெயினிங் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்ல மாட்டார்கள். நோட்டிலாவது எழுதி வைங்க.

சாயங்காலம் நகரியத்துக்குள் ஒரு நடை போங்க. 16-ம் வட்டத்தில் பத்தடிக்கு மேல் உயரமான ஐம்பொன் நடராஜர் இருக்கிறார். குறையை மனுவாக எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு ஆராய்ச்சி மணி அடிப்பது அந்தக் கோயில் வழக்கம். அரியர் வைத்திருப்பவர்கள் பேப்பர், பேனாவோடு போகலாம்! ஜூன், ஜூலை பக்கம் வந்தால் 1998-ல் தொடங்கிய புத்தகக் கண்காட்சி நடக்கிறதா என்று விசாரிச்சுக்குங்க. பெரிய நகரங்களில்தான் புத்தகத் திருவிழா என்றிருந்த காலத்தில் ஒரு தொழில் நகரியம் அதைச் செய்து காட்டியது.

மாதக் கடைசியில் பர்ஸ் காலியா? கவலை வேண்டாம், வடலூருக்கு பஸ் ஏறுங்க. 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு தருமச்சாலையில் இன்னும் அணையவில்லை. நேரு காலத்து முதல் அனல்மின் நிலையத்தின் பாய்லர்கள் வயதாகி 2020-ல் அணைந்துவிட்டன. அடுப்போ சோறு வடித்துக்கொண்டிருக்கிறது. யார், எந்த ஊர், எந்த பிளாக் என்று யாரும் கேட்க மாட்டார்கள். சாப்பிட்டதும் கிளம்பிடுங்க, காலை ஷிப்ட்டுக்கு விடிவதற்குள் எழுந்திருக்கணும்.