அலமாரியில் ஓர் உடும்பு

எங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு கடைசிப் பாடவேளையில் நடைபெறும். புணே நகரில் பணிபுரியும் தமிழர்களின் பிள்ளைகள் பதினான்கு பேர், வெவ்வேறு வகுப்புகளிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்வார்கள். மற்ற ஆசிரியர்களை ‘சார்’ என்று அழைக்கும் அவர்கள் என்னை மட்டும் ‘ஐயா’ என்பார்கள். நான் அவர்களிடம் கேட்டுப் பெற்ற ஒரே சலுகை அது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஜூலை மாதத்து மழைநாள் ஒன்றில், வகுப்பு முடிந்து அனைவரும் சென்ற பின்னும் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அவன் பெயர் இங்கு வேண்டாம்.

“ஐயா, கோர்பட் என்பதற்குத் தமிழில் என்ன பெயர்?” என்று கேட்டான். மராத்தியில் உடும்பை அப்படித்தான் அழைப்பார்கள். ‘உடும்பு’ என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தான். பின்பு வாயிற்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், “என்னிடம் ஒன்று இருக்கிறது” என்றான்.

அன்று மாலையே அவன் வீட்டுக்குச் சென்றேன். படைவீரர் குடியிருப்பில் தரைத்தளத்து வீடு. தந்தை எல்லைப் பகுதியில் பணியில் இருந்தார். “ஓணான் ஒன்றை வளர்க்கிறான், சார். விட்டுவிடு என்றால் கேட்க மாட்டேன் என்கிறான்” என்று சொல்லிக்கொண்டே அவன் தாயார் காப்பி கலக்கச் சென்றார். அவன் துணி அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தான். மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் தொட்டி. அதனுள் ஒரு பழைய துண்டு, பாலில் நனைத்த ரொட்டி, தக்காளித் துண்டுகள். துண்டின் மடிப்பில், வாலோடு சேர்த்து ஓர் அடிக்குச் சற்று மேலான நீளத்தில், ஓர் உடும்புக் குட்டி கிடந்தது. சாம்பலும் பழுப்பும் கலந்த உடல். அதில் மஞ்சள் புள்ளிகள். கழுத்தில் கரிய பட்டைகள். கண்கள் பாதி மூடியிருந்தன.

அவன் அதை உள்ளங்கையில் எடுத்தான். அது அசையவில்லை.

“பார்த்தீர்களா, ஐயா? முதல் நாள் சீறியது, வாலால் அடித்தது. நான்கே நாளில் என்னோடு பழகிவிட்டது.”

நான் உடனே விடை சொல்லவில்லை. அதே சொல்லை நானும் ஒருகாலத்தில் சொன்னவன்.

எனக்குப் பத்து வயது இருக்கும். விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் கிராமம் எங்களுடையது. கண்மாய்க் கரையில் பிடித்த உடும்பு ஒன்றை என் மாமா கொண்டுவந்தார். சமைத்துவிடுவார்கள் என்று அஞ்சி, அழுது அடம்பிடித்து அதைக் கேட்டு வாங்கினேன். அதன் இடுப்பில் கயிறு கட்டிக் கிணற்றடிக் கல்தூணில் பிணைத்தேன். பழைய சோறு வைத்தேன்; பால் வைத்தேன். இரண்டு நாள் என்னைக் கண்டால் உடலை உப்பிக்கொண்டு சீறியது. மூன்றாம் நாள் தலையைத் தடவினாலும் பேசாமல் கிடந்தது. “என்னோடு பழகிவிட்டது, ஆச்சி” என்று பாட்டியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஒன்பதாம் நாள் காலையில் அது இறந்து கிடந்தது. சித்திரை மாதம், கிணற்றடியில் நிழல் இல்லை. “அதற்கு விதி முடிந்தது” என்றார் பாட்டி. வெகுகாலம் நானும் அப்படியே நம்பியிருந்தேன்.

உடும்பின் உடலுக்குள் நம்மைப்போல் வெப்பத்தை உண்டாக்கி நிலைநிறுத்தும் ஏற்பாடு இல்லை. காலையில் வளையிலிருந்து வெளிவந்து வெயிலில் படுக்கும். உடல் சூடேறியதும் இரை தேடப் புறப்படும். வெப்பம் மிகுந்தால் நிழலுக்கோ வளைக்கோ திரும்பும். மறுபடி வெயிலுக்கு வரும். பகல் முழுவதும் இந்த இடமாற்றத்தால்தான் அது தன்னைக் காத்துக்கொள்கிறது. நான் கட்டிய கயிறு அந்த ஒன்றைத்தான் அதனிடமிருந்து பறித்தது. என் உடும்பு வெயிலில் வெந்தது. புணேயின் மழைக்கால அலமாரியிலோ வெயில் என்பதே இல்லை. இந்தக் குட்டி குளிரில் ஒடுங்கிக் கிடந்தது. உடல் சூடேறாத உடும்பால் ஓட இயலாது; இரையை உண்டாலும் செரிக்க இயலாது. அதன் அமைதிக்கு அதுவே பொருள்.

இதை அவனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இங்கே என் தவறு ஒன்றையும் எழுதிவிட வேண்டும். உடும்பைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் நம் நாட்டில் குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் தரும் பாதுகாப்போடு வைத்திருக்கிறது. தண்டனை மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. அன்று மாலையே வனத்துறைக்குத் தெரிவித்திருக்க வேண்டும். நான் தெரிவிக்கவில்லை. அது ஒரு வாய் உண்பதையாவது பார்த்துவிட வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு பத்து வயதுச் சிறுவன் பிடிவாதம் பிடித்தான். “மேசை விளக்கு இருக்கிறதா?” என்று கேட்டேன்.

தொட்டியின் ஒரு மூலையில் மட்டும் வெளிச்சம் விழுமாறு விளக்கை வைத்தோம். தட்டையான கல் ஒன்றை அதன் கீழ் இட்டு, உடும்பை அதன்மேல் படுக்கவைத்தோம். மறுபாதியில் நிழலும், உடல் நனையுமளவு தண்ணீர்த் தட்டும். தக்காளியையும் ரொட்டியையும் அகற்றினேன். உடும்பு ஊன் உண்ணி. வண்டு, பூச்சி, நத்தை, தவளை, எலி, பறவை முட்டை, செத்த விலங்கு ஆகியவையே அதன் உணவு. குட்டிகள் பெரும்பாலும் பூச்சிகளைத் தின்னும்.

காத்திருந்த நேரத்தில் பிடித்த கதையைச் சொன்னான். குடியிருப்பின் பின்புறக் கற்சுவரில் மழைநீர்க் குழாயருகே ஒரு வெடிப்பு. அதற்குள் வால் தெரிந்திருக்கிறது. அரைமணி நேரம் இழுத்தானாம். இடுக்கில் புகுந்த உடும்பு நகங்களை ஊன்றி, மூச்சை இழுத்து உடலைப் புடைத்துக்கொள்ளும். நம் மொழியில் ‘உடும்புப்பிடி’ என்று சொல்வது இதனால்தான். புணேக்காரர்களுக்கும் இந்தப் பிடி தெரியும். 1670இல் தானாஜி மாலுசரே சிங்ககட் கோட்டையை மீட்டபோது, கயிறு கட்டிய உடும்பை மதிலில் ஏறவிட்டு அதைப் பற்றிக்கொண்டு வீரர்கள் ஏறினர் என்று ஒரு கதை வழங்குகிறது. அந்த உடும்புக்கு யஷ்வந்தி என்று பெயரும் உண்டு. வரலாற்று அறிஞர்கள் ஏற்காவிட்டாலும் இங்குள்ள பிள்ளைகள் விடுவதாக இல்லை. என் ஊர்த் திருடர்களைப் பற்றியும் இதே கதையைச் சொல்வார்கள் என்றதும் அவன் சிரித்துவிட்டான்.

அரைமணி கழிந்திருக்கும். குட்டி கண்களை நன்றாகத் திறந்தது. பிளவுண்ட நீல நாக்கு வெளியே வந்து காற்றைத் துழாவி உள்ளே சென்றது. நாக்கு ஒட்டியெடுத்துவரும் மணத்துகள்களை மேலண்ணத்தில் உள்ள உறுப்பு ஒன்று பகுத்தறிகிறது. நாக்கு இருபிளவாக இருப்பதால், மணம் எந்தப் பக்கம் மிகுதி என்பதும் அதற்குத் தெரியும். “என் மணத்தைத் தெரிந்துகொள்கிறதா?” என்று ஆவலோடு கையை நீட்டினான்.

அது பின்வாங்கியது. தொண்டையை உப்பியது, உடலைத் தட்டையாக்கி அகலப்படுத்தியது, நீண்ட மூச்சாகச் சீறி, வாலைச் சாட்டைபோல் வீசித் தொட்டியின் சுவரில் அறைந்தது.

அவன் கையை இழுத்துக்கொண்டான். “என்மேல் கோபமா, ஐயா?”

“அதற்கு உன்னைக் கண்டு பயம். முதல் நாளும் பயந்தது. நடுவில் பயத்தைக் காட்டவும் வலு இல்லாமல் போயிற்று.”

அவன் பேசவில்லை. தாயார் காப்பித் தம்ளருடன் வாயிலில் நின்றதை அப்போதுதான் கண்டேன். அவரிடம் சட்டத்தைச் சொன்னேன். “அவங்க வேலைக்கு ஏதும் வந்துவிடுமா, சார்?” என்று கேட்டார். தம்ளர் நடுங்கியது. அறியாத பிள்ளை செய்தது, நானே உடனிருந்து பேசுகிறேன் என்றேன். உள்ளூர எனக்கும் அச்சமே. இரவு பத்து மணிக்கு அவன் தொலைபேசியில் அழைத்தான். மாடத்தில் பிடித்த இரண்டு கரப்பான்களையும் அது விழுங்கிவிட்டது என்றான்.

வெளிநாடுகள் சிலவற்றில் உடும்பை முறையாக வளர்ப்போர் உண்டு. ஆப்பிரிக்கப் புல்வெளி உடும்பு அங்கெல்லாம் மிகுதியாக விற்கப்படுகிறது. அவற்றை நன்கு வளர்ப்போர் செய்யும் ஏற்பாடுகளைப் படித்தால் மலைப்பாக இருக்கும். வளை தோண்டும் ஆழத்துக்கு மண். அறை அளவுக் கூண்டு. வெயில் காயும் கல்லின் மேற்பரப்பில் 50 பாகை செல்சியசு அளவு வெப்பம். மறுகோடியில் குளிர்ந்த நிழல். இவை இல்லாமல் எலிகளை மட்டும் ஊட்டினால் நகர வழியின்றிக் கொழுத்து நோயுறும். அறிவுக்கூர்மையும் உடைய விலங்கு அது. கதவு வைத்த குழாய்க்குள் இரையை இட்டு ஆப்பிரிக்க உடும்பு வகை ஒன்றின் குட்டிகளை ஆய்ந்தார்கள். 2008இல் அம்முடிவு வெளிவந்தது. யாரும் கற்றுத்தராமலே அவை கதவைத் திறந்தன. இரண்டாம் முறை முன்னிலும் விரைவாகத் திறந்தன. இத்தகைய விலங்குக்கு அலமாரியில் நாள் எப்படிக் கழிந்திருக்கும்!

மறுநாள் காலை வனத்துறைக்குத் தகவல் சொன்னேன். வந்த வனக்காவலர் குட்டியைத் திருப்பிப் பார்த்தார், காயம் இல்லை. எங்கே பிடித்தாய் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். என்னைச் சற்றுக் கடுமையாகப் பார்த்தார். அதற்கு நான் தகுதியானவனே. அக்கம்பக்கத்தார் கூடிவிட்டனர். வட இந்தியக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், “இது பிஸ்கோப்ரா, மூச்சுப் பட்டாலே ஆள் போய்விடுவான், அடித்துக் கொல்லுங்கள்” என்றார். பாம்புக்குள்ளது போன்ற நச்சுப்பல் உடும்புக்குக் கிடையாது. கடித்தால் புண்ணாகும், அதனால் கை வைக்கலாகாது என்று வனக்காவலர் பொறுமையாக விளக்கினார். இந்தப் பொய்யச்சத்தால் அடிபட்டுச் சாகும் குட்டிகள் பல. தோலுக்காகவும் கறிக்காகவும் சாகின்றவை வேறு. கஞ்சிரா என்னும் நம் தாளக்கருவிக்கு உடும்புத் தோலைத்தான் வழிவழியாகப் போர்த்திவந்தார்கள் என்பதை, இசை கற்கும் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது. இன்று அதற்கும் இடமில்லை. ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் வந்துவிட்டன.

பிடித்த இடத்திலேயே விடுவது என்று முடிவாயிற்று. மழை ஓய்ந்து சிறிது வெயில் அடித்தது. சுவரடியில் விட்டதும் குட்டி நகரவில்லை. கற்பரப்பில் வயிற்றைப் பரப்பிக் கிடந்தது. மாணவன் என்னைப் பார்த்தான். காத்திரு என்று கையால் காட்டினேன். நெடுநேரம் நாக்கு மட்டும் வந்து வந்து போயிற்று. பிறகு தொண்டை உப்பி உப்பித் தாழ்ந்தது, ஓட்டம் பிடித்தது. பெரும்பாலான பல்லியினங்களுக்கு ஓடும்போது மூச்சை முழுதாக இழுக்க இயலாது. உடலை வளைக்கும் தசைகளே மூச்சுக்கும் உதவ வேண்டியிருப்பதால் விரைவில் களைத்துவிடும். உடும்போ தொண்டையைத் துருத்திபோல் இயக்கிக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளும். வெடிப்புக்குள் அது நுழையவில்லை. அருகிலிருந்த அரசமரத்தில் ஏறி இலைகளுக்குள் மறைந்தது. குட்டிகள் மரத்தில் மிகுதியாக வாழும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் மரத்தடியில் நின்றான்.

நீங்கள் கொல்கத்தாவில் இருந்தால் ‘கோஷாப்’ என்றும், தில்லியில் இருந்தால் ‘கோஹ்’ என்றும், ஐதராபாத்தில் ‘உடுமு’ என்றும், பெங்களூரில் ‘உட’ என்றும் இதன் பெயரைக் கேட்கலாம். இந்தியாவில் நால்வகை உடும்புகள் உள்ளன. சுந்தரவனத்தில் நீர் உடும்பு; தார்ப் பாலையில் பாலை உடும்பு; கங்கைச் சமவெளியில் மஞ்சள் உடும்பு; மற்ற இடங்களில் பரவலாக நாங்கள் கண்ட வகை.

அந்த வாரம் அவனுக்கு ஒரு குறிப்பேடு கொடுத்தேன். சுவரையும் மரத்தையும் எட்ட நின்று பார்க்க வேண்டும். நாள், நேரம், வெயில், கண்டது ஆகியவற்றைத் தமிழில் எழுத வேண்டும் என்றேன். முதல் மாதம் முழுவதும் ‘இன்று உடுப்பு வரவில்லை’ என்றே எழுதியிருந்தான். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். அக்டோபரில் ஒருநாள் எழுதியது இது:

‘காலை 9.40. நல்ல வெயில். சுவர் மேல் பெரிய உடும்பு. நம் குட்டி அன்று, வேறு. இருபது நிமிடம் படுத்திருந்தது. நான் தும்மினேன். தலையைத் தூக்கி என்னைப் பார்தது. போய்விட்டது.’

‘பார்தது’ என்பதில் ஒரு ‘த்’ சேர்த்துக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.