இரண்டு அங்குலம்

மார்ச் 9

அதிகாலை மூன்றே முக்காலுக்கு எங்கள் குதிரை செவலை ஈன்றது. பெண்குட்டி. ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்றுவிட்டது. நெற்றி வெள்ளை மூக்குவரை இறங்குகிறது. பின்கால் இரண்டும் கணுவரை வெள்ளை. மற்றபடி தாயின் நிறமே. பண்ணைக்காரர் விளக்கோடு ஒரு சுற்று வந்து, "உடம்புல வெள்ளை ஒண்ணுமில்லையே" என்றார். நேரான கால்களும் சீம்பாலை இழுத்துக் குடிக்கிற வேகமுமாக நிற்கிற குட்டியைப் பார்த்து அப்படிச் சொன்னது எனக்கு வலித்தது.

விடிந்த பிறகுதான் கண்ணில் பட்டது: இடது விலாவின் அடியில், வயிற்றோரம், ஒரு வெள்ளைத் திட்டு.

மார்ச் 10

குட்டியைப் பதிய வேண்டிய பெயின்ட் குதிரைச் சங்கத்தின் விதியை இன்னொரு முறை படித்தேன். காதடியிலிருந்து வாயோரத்துக்கு ஒரு கோடு; அதற்கு முன்னால் முகத்தில் எவ்வளவு வெள்ளை இருந்தாலும் கணக்கில்லை. முன்காலில் முழங்காலுக்குக் கீழும், பின்காலில் நடுமூட்டுக்குக் கீழும் அப்படித்தான். மீதி உடம்பில் எங்காவது இரண்டு அங்குலத்துக்கு மேல் கலப்பில்லாத வெள்ளை வேண்டும். அதன் அடியில் கொஞ்சமாவது நிறமில்லாத தோல் வேண்டும். பிறக்கும்போதே இருந்ததாகவும் இருக்க வேண்டும். சேணம் உராய்ந்த புண்ணில் பின்னால் முளைக்கும் வெள்ளை முடி செல்லாது.

அந்தத் திட்டு இல்லையென்றால் குட்டி வேறொரு பதிவேட்டுக்குப் போகும். காட்சியில் அதற்குத் தனிப் பிரிவு. பெற்றோர் அதே, ரத்தம் அதே.

மார்ச் 11

வெந்நீரில் துணியை நனைத்துத் திட்டைத் துடைத்தேன். முடி படிந்ததும் தோல் தெரிந்தது: ஓரமெல்லாம் கருநீலம், நடுவில் இளஞ்சிவப்பு. டேப் வைத்தால் வெள்ளை முடி இரண்டே முக்கால் அங்குலம். சிவப்புத் தோல் ஒன்றரைதான். விதி கேட்பது 'கொஞ்சம்' தோல். போதும். நான்கு பக்கமும் படம் எடுத்தோம்.

இந்தச் சங்கமே விலக்கப்பட்ட குதிரைகளுக்காகப் பிறந்தது. 1940-இல் தொடங்கிய குவார்ட்டர் குதிரைச் சங்கம் வெள்ளை அதிகமுள்ள குட்டிகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை, தாய் தகப்பன் இருவரும் அதன் பதிவேட்டில் இருந்தாலும். அந்தக் குட்டிகளுக்காக 1962-இல் இங்கே டெக்சாஸில் ரெபேக்கா லாக்ஹார்ட் தன் வீட்டிலிருந்தே பதிவு எழுதத் தொடங்கினார். 1965-இல் இன்னொரு சங்கத்தோடு இணைந்து இப்போதைய பெயர் வந்தது. குவார்ட்டர் சங்கம் அந்தத் தடையை 2004-இல்தான் எடுத்தது. வெள்ளை கூடியதால் துரத்தப்பட்டவர்களின் வீட்டில் இன்று வெள்ளை குறைந்ததற்காக ஒரு குட்டி ஒதுங்கி நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மார்ச் 13

போன வருடக் குட்டி இரவெல்லாம் நினைவில் இருந்தது. அதுவும் செவலைக்குப் பிறந்ததுதான். நுனிமுதல் அடிவரை வெள்ளை, நீலக் கண். பிறந்ததும் மகிழ்ந்தோம். மாலைவரை முதல் சாணம் வரவில்லை. வயிறு உப்பியது, உருண்டு புரண்டது. மறுநாள் காலை மருத்துவர் ஊசி போட்டு அதன் வலியை முடித்தார்.

குடலுக்கு நரம்பில்லாமல் பிறக்கும் குட்டி அது. காரணமான மரபணு மாற்றத்தை 1998-இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு பிரதி இருந்தால் பெரும்பாலும் விலாவில் அழகான வெள்ளை. இரண்டு பிரதி சேர்ந்தால் சாவு. இரண்டு பக்கமும் சுமந்தால் நாலில் ஒன்றுக்கு அந்தக் கதி. பொலிகுதிரை சுமப்பதை அதன் வெள்ளையே சொன்னது. செவலையிடம் முகத்தைத் தவிர வெள்ளையே இல்லை, அதனால் நாங்கள் சந்தேகப்படவில்லை. பிடரியில் முப்பது முடியை வேரோடு பிடுங்கி அனுப்பியிருந்தால் தெரிந்திருக்கும். குட்டி செத்த பிறகுதான் அனுப்பினோம்.

இந்தக் குட்டிக்காகச் சோதனை செய்த, அந்த மாற்றம் இல்லாத பொலிகுதிரையோடு சேர்த்தோம். அதனால் குட்டி பிழைக்கும் என்பது தெரியும். ஆனால் அந்தத் திட்டு எங்கிருந்து வந்தது?

மார்ச் 14

குட்டியின் வால் முடி டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வகத்துக்குப் போயிற்று.

மார்ச் 27

முடிவு வந்தது. ஒரு பிரதி. தாய் தந்தது.

குட்டிக்குக் காட்சி மைதானத்தைத் திறந்துவிட்டதும் அந்த மாற்றமாகத்தான் இருக்கும். போன வருடம் அதன் அண்ணனைக் கொன்றதும் அதுதான். குட்டி மட்டும் எதுவும் அறியாமல் வேலியோரம் தாயை முந்தி ஓடிக்கொண்டிருந்தது.

லாயக் கதவு அட்டையில் பிறந்த தேதிக்குக் கீழே, 'சுமப்பவள், சோதித்த பொலிகுதிரை மட்டும்' என்று சிவப்பில் எழுதினேன். பண்ணைக்காரர் படித்துவிட்டுப் பேனாவை வாங்கி எழுத்தை இன்னும் தடித்தார். "வித்தா இந்த அட்டையும் கூடப் போகணும்" என்றார்.