இரவுக் கடமையும் தொலைந்த நித்திரையும்

கடந்த வாரம் இளம் பத்திரிகையாளர் ஒருவர் என்னைச் சந்திக்க வீட்டுக்கு வந்திருந்தார். கொழும்பில் செய்தி நிறுவனமொன்றின் இணையப் பிரிவில் பணியாற்றுபவர். வயது இருபத்தாறு. தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்தபடியே இரண்டு தடவை கண்ணயர்ந்தார். இரண்டு நாள் காலைக் கடமை, இரண்டு நாள் மாலைக் கடமை, இரண்டு நாள் இரவுக் கடமை என்று அவருடைய வாரம் சுழல்கிறது. யாராவது வராவிட்டால் அந்த ஒழுங்கும் குழம்பிவிடுமாம்.

"சேர், நீங்க எத்தனையோ வருசம் இரவு வேலை செஞ்சவர். பகல்ல எப்பிடி நித்திரை கொண்டீங்க?" என்று கேட்டார்.

"கொள்ளவில்லை" என்பதே உண்மையான பதில். ஆனால் அந்த ஒரு சொல்லோடு அவரை அனுப்பிவைக்க மனம் வரவில்லை. நான் கற்றுக்கொண்டவை சில உண்டு. எந்த விலை கொடுத்து அவற்றைக் கற்றேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நேர்மையான பதிலாக இருக்கும். அவரிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

நான் 1984ஆம் ஆண்டு நாளேடு ஒன்றில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தேன். வெளியூர்ப் பதிப்பு இருட்டுவதற்குள் முடிந்து இரவுத் தபால் ரயிலுக்குப் போய்விடும். நகரப் பதிப்பு நள்ளிரவைத் தாண்டித்தான் முடியும். கடைசிப் பக்கம் அச்சுக்கூடத்துக்கு இறங்கிய பின்னர் வீதியோரக் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டு, நாளைக்கு ஊர் படிக்கப்போகும் செய்தியை நாம் இன்றைக்கே அறிந்திருக்கிறோம் என்ற கர்வத்தோடு நிற்போம். விழித்திருப்பது எங்களுக்குப் பெருமை. நித்திரை வருகிறது என்று சொல்பவர் இத்தொழிலுக்கு லாயக்கற்றவர் என்பது ஆசிரிய பீடத்தில் எழுதப்படாத சட்டம்.

போர்க்காலத்தில் வேறொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. அதிகாலை இரண்டு மணிக்குத் தமிழர் ஒருவர் கொழும்பு வீதியில் நடந்து செல்வது இலகுவான காரியமன்று. தேசிய அடையாள அட்டையும் ஊடக அட்டையும் சட்டைப்பையில் இருந்தாலும் சோதனைச் சாவடியில் ஒரு மணித்தியாலம் நிற்க நேரிடலாம். பொலிஸ் நிலையம் வரை செல்லவும் நேரிடலாம். ஆதலால் எங்களில் பலர் பழைய பத்திரிகைகளை மேசை மீது விரித்து அங்கேயே படுத்துக்கொள்வோம். கீழே அச்சியந்திரம் ஓடத் தொடங்கியதும் மேசை அதிரும். ஐந்து மணிக்கு முதலாவது பஸ். வீடு போய்ச் சேரும்போது சூரியன் முகத்தில் அடிக்கும்.

வீடு கொட்டாஞ்சேனையில் இருந்தது. அந்தப் பகுதியை அறிந்தவர்களுக்குப் பகல் நித்திரை பற்றி நான் விளக்கத் தேவையில்லை. கோயில் மணி, தேவாலய மணி, மீன்காரரின் குரல், பழைய போத்தல் வாங்குபவரின் குரல். பிற்காலத்தில் பீத்தோவனின் மெட்டை ஒலித்தபடி சூன் பாண் முச்சக்கர வண்டியும் வந்துசேர்ந்தது. மனைவி தொலைபேசிக்கு மேல் தலையணையை வைத்து மூடுவார். எங்கள் பிள்ளைகள் மெதுவாகப் பேசும் இயல்புள்ளவர்கள் என்று உறவினர்கள் மெச்சுவதுண்டு. அது இயல்பன்று. அப்பா நித்திரை கொள்கிறார் என்ற அச்சத்தில் சிறு வயதிலேயே படிந்துவிட்ட பழக்கம்.

நாளுக்கு நான்கு மணித்தியால நித்திரை எனக்குப் போதும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை 1993ஆம் ஆண்டு உடைந்தது.

மரண அறிவித்தல்களைப் பெரும்பாலும் இரவில்தான் கொண்டுவருவார்கள். மறுநாள் இறுதிக் கிரியை என்பதால் அவற்றை மறுக்க முடியாது. அன்றிரவு கொழும்பில் காலமான ஒருவரின் அறிவித்தல் வந்தது. "காலஞ்சென்ற" என்ற சொல்லுக்குப் பின் இறந்துபோன அண்ணனின் பெயர். அதனையடுத்து உயிரோடிருக்கும் அக்காவின் பெயர். "ஆகியோரின் சகோதரரும்" என்று வசனம் தொடர்ந்தது. அச்சுக் கோர்த்தவர் சரியாகவே கோர்த்திருந்தார். ஒப்புநோக்குநர் வராத நாளாகையால் நானே பார்த்தேன். அந்த வாரம் திங்கள் காலை, செவ்வாய் இரவு, புதன் நண்பகல், மீண்டும் வியாழன் இரவு என்று கடமை மாறியிருந்தது.

மறுநாள் பத்திரிகையில் "காலஞ்சென்ற" என்ற சொல் அக்காவின் பெயருக்கு முன்னால் நின்றது.

அக்கா பதுளையில் இருந்தார். அவருடைய மகள் ஹட்டனில் ஆசிரியை. பாடசாலை ஓய்வறையில் பத்திரிகையை விரித்தவர், மாமாவின் மரணத்தையும் தாயின் மரணத்தையும் ஒரே வசனத்தில் வாசித்திருக்கிறார். தாயின் வீட்டில் தொலைபேசி இல்லை. வான் ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு அழுதபடியே பதுளைக்குப் போயிருக்கிறார். தாய் வாசற்படியில் அமர்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாராம்.

ஒரு வாரம் கழித்து அந்த ஆசிரியை பத்திரிகைத் துண்டோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "நாலு மணித்தியாலம் எங்க அம்மா செத்துப் போயிருந்தாங்க, சேர்" என்றார். அவ்வளவுதான்.

அவர் போன பின்னர் அந்த இரவின் ஒப்புநோக்குப் பிரதியைத் தேடியெடுத்தேன். சரியாக இருந்த சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அடுத்த பெயருக்கு அம்புக்குறி போட்டிருந்தது என்னுடைய கை. அதனைச் செய்ததாக எனக்குச் சிறிதும் நினைவில்லை. கண்கள் திறந்திருக்க, பேனா கையில் இருக்க, மூளை சில விநாடிகள் உறங்கிவிட்டது. நீண்ட நாட்கள் நித்திரை குறைந்தவர்களுக்கு இது நேர்வதுண்டு என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். பஸ் சாரதிக்கு நேர்ந்தால் விபத்து. எனக்கு நேர்ந்தபோது ஒரு தாய் இறந்தார்.

அதன் பிறகே வைத்தியரிடம் போனேன். நித்திரைக் குளிசை கேட்டேன். அவர் தரவில்லை. எத்தனை மணிக்குக் கடமை முடிகிறது, கடைசித் தேநீர் எப்போது, அறைக்குள் வெயில் வருகிறதா என்று நிருபர் போலக் கேள்விகள் கேட்டார். "உங்களுக்கு வருத்தமில்லை. உங்கட உடம்புக்கு இப்ப பகலா இரவா எண்டு தெரியேல்ல" என்றார்.

அவர் சொன்னதன் பொருளை நாட்டின் கடிகாரமே எனக்கு விளக்கியது. மின்சாரத் தட்டுப்பாடு காரணமாக 1996ஆம் ஆண்டு மே மாதம் இலங்கையின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்னகர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னகர்த்தப்பட்டது. 2006ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். அந்தப் பத்தாண்டுகளில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தன. வன்னியிலிருந்து வரும் செய்தியில் "காலை ஏழு மணி" என்றிருந்தால் அது எந்த ஏழு மணி என்று கேட்டறிய வேண்டியிருந்தது. உடலும் அப்படித்தான். கடமைப் பட்டியலை அலுவலகம் மாற்றலாம். உடல் தன் பழைய நேரத்தையே வைத்திருக்கும்.

மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, இந்த உடற்கடிகாரம் இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டே அது நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. இருள் சூழ்ந்ததும் மெலடோனின் சுரக்கிறது. அதிகாலை நான்கு, ஐந்து மணியளவில் உடல் வெப்பம் மிகக் குறைகிறது. தவறுகள் மலியும் வேளையும் அதுவே. இந்தக் கடிகாரம் உயிரணுக்களுக்குள் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானிகள் மூவருக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், உடற்கடிகாரத்தைக் குழப்பும் சுழற்சிமுறைக் கடமையை 2007ஆம் ஆண்டிலேயே புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் சேர்த்தது. இரவுக் கடமை குறித்து 2019இலும் அம்முடிவை உறுதி செய்தது. நாங்கள் பெருமையென்று எண்ணியதன் மறுபக்கம் இது.

நான் செய்த மாற்றங்கள் எளியவை. முதலாவது, எந்தக் கடமையானாலும் அதிகாலை நான்கு முதல் எட்டு வரை நித்திரைக்கென்று ஒதுக்கினேன். மிகுதியைப் பிற்பகலில் சேர்த்துக்கொண்டேன். நாள்தோறும் மாறாத அந்த நான்கு மணித்தியாலமே உடலுக்கு நங்கூரம். அதற்காக ஆசிரியரிடம் கேட்டு, காலைக் கடமையைப் பத்து மணிக்குத் தள்ளிப்போட்டேன். கேட்க வெட்கப்பட்டேன், கேட்டதும் கிடைத்தது. இரண்டாவது, யன்னலுக்குக் கறுப்புத் துணியை இரட்டையாகத் தைத்துப் போட்டோம். விடிந்த பின் வீடு திரும்ப நேர்ந்தால் கறுப்புக் கண்ணாடி அணிந்தேன். அயலவர்கள் சிரித்தார்கள். மூன்றாவது, நள்ளிரவுக்குப் பின் தேநீரை நிறுத்தினேன். குடித்த கஃபீனில் பாதி, ஐந்து மணித்தியாலம் சென்றும் உடலில் நிற்கும் என்பதை அறிந்திருந்தால் முன்னரே நிறுத்தியிருப்பேன். நான்காவது, கடைசிப் பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்னர் கதிரையிலேயே இருபது நிமிடம் கண் மூடினேன். ஐந்தாவது, மரண அறிவித்தலை நான் பார்த்த பின் இன்னொருவரும் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியதில்லை.

இவை எப்போதும் கைகொடுத்தன என்று சொல்லமாட்டேன். 2001ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் திகதி அதிகாலை கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டபோது, படுத்துச் சிறிது நேரத்தில் எழுப்பப்பட்டேன். அடுத்த நாள் இரவுவரை கண்மூடவில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பின் வந்த நாட்களும் அத்தகையவையே. செய்தி நேரம் பார்த்து வருவதில்லை. ஆனால் அத்தகைய நாட்கள் ஆண்டுக்குச் சிலவே. மற்றைய நாட்களையும் அவ்வாறே ஆக்கிக்கொண்டது எங்கள் அறியாமை.

அந்த இளைஞரிடம் இன்னொன்றும் சொன்னேன். காலையிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து இரவுக்கும் முன்னோக்கிச் செல்லும் சுழற்சியை உடல் ஓரளவு தாங்கும். அவருடைய பட்டியலும் அவ்வாறுதான் போடப்பட்டிருக்கிறது. அதனை இடையில் குழப்பாமல் காப்பதும், இரவுக் கடமை முடிந்ததும் ஒரு முழு நாள் ஓய்வு கொடுப்பதும் நிறுவனத்தின் பொறுப்பு. அதனைக் கேட்பது சோம்பேறித்தனமன்று. அவருடைய விரல் ஒரு பொத்தானை அழுத்தினால் செய்தி மறுகணமே உலகெங்கும் போய்விடும். எனக்காவது விடியும்வரை அவகாசம் இருந்தது.

ஓய்வு பெற்ற பின்னரும் இரவு இரண்டு மணிக்கு எனக்கு விழிப்பு வருகிறது. நகரப் பதிப்பு முடியும் நேரம். பக்கத்து அறையில், விடுமுறைக்கு வந்திருக்கும் மகள் இப்போதும் தொலைபேசியில் மெதுவாகத்தான் பேசுகிறாள். சத்தமாகவே பேசம்மா என்று சொல்லியும் பார்த்துவிட்டேன். அவளுக்கு வரவில்லை.