கரைமேல் ஒரு சைக்கிள்

வெம்பாக்கம் பக்கத்து நெசவு வீடுகளில் கூடத்து மூலையில் ஒரு சைக்கிள் சக்கரம் நிற்கும். டயரும் ட்யூபும் இருக்காது. ரிம்மும் போக்ஸ் கம்பிகளும் மட்டும். ரிம்மின் பள்ளத்தில் ஓடும் கயிறு எதிரே உள்ள கதிரைச் சுற்றி வரும். வீட்டுப் பெண்மணி ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றினால் கதிரில் செருகிய குச்சியில் பட்டிழை ஏறிக்கொண்டே போகும். தார் சுற்றும் ராட்டை. ஆசாரியைத் தேடிப்போய் மரச்சக்கரம் செய்து வாங்குவதைவிட, ஓய்ந்துபோன சைக்கிளின் ரிம்மைக் கோட்டம் எடுத்து மாட்டிவிடுவது மலிவு என்று எவரோ ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். அந்தப் புண்ணியவான் எந்த ஊரோ, தறி இருக்கிற ஊரெல்லாம் அவர் வித்தை பரவிவிட்டது.

எனக்கு அந்தச் சக்கரத்தைப் பார்த்தால் சேலை ஞாபகம் வருவதில்லை. ராட்டையாவதற்கு முன்னால் இது எந்தெந்த வழியில் உருண்டிருக்கும் என்பதுதான் என் விசாரம். ஒரு வீட்டில் வாய்விட்டுக் கேட்டும்விட்டேன்.

"எங்க மாமனார் வண்டிங்க. காஞ்சிபுரத்துக்குச் சேலை கொண்டு போயி, பட்டும் ஜரிகையும் வாங்கியாருவாரு" என்றார் அந்த அம்மாள், கை நிற்காமல்.

எந்த வழியாகப் போவார்?

"ஏரிக்கரையோடயே போவாரு. ரோட்டுல போனா மூட்டை மேல எவன் கண்ணாவது பட்டுடும்னு பயம். அப்புறம் ஆத்துல எறங்கித் தள்ளிக்கிட்டே போவாரு."

பயத்தினால் அவர் தேர்ந்தெடுத்த வழியை வெளிநாட்டில் பணம் கட்டித் தேடிப் போகிறார்கள். ஜெர்மனியின் பாசாவ் நகரத்திலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை டான்யூப் நதியை ஒட்டி முந்நூறு கிலோமீட்டருக்குமேல் ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. பெரும்பகுதியில் காரும் லாரியும் குறுக்கிடாது. வழியில் திராட்சைத் தோட்டங்கள், மடாலயங்கள், ஆப்ரிகாட் மரங்கள். முட்டிவலிக்காரர்களும் பேரன் பேத்தி எடுத்தவர்களும் சாவகாசமாக மிதித்துப் போகிறார்களாம். போய்வந்த நண்பர் படம் காட்டிக் காட்டி என்னை வெறுப்பேற்றினார். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு விஷயம்: அந்தத் தடத்தை யாரும் சைக்கிளுக்கென்று போடவில்லை. நீராவி வருவதற்கு முன்னால், உப்பும் தானியமும் ஏற்றிய படகுகளை ஓட்டத்துக்கு எதிராகக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்கக் குதிரைகள் நடந்த வழி அது. குதிரைகளுக்கு வேலை போயிற்று, தடம் சும்மா கிடந்தது. 1980களில் சைக்கிள்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

படகு இழுக்கிற குதிரையை மேட்டில் ஏற்றிப் பள்ளத்தில் இறக்க யாரும் துணியமாட்டார்கள். ஆகவே தடம் ஆற்றோடு ஆறாக, சமமாகப் போகும். ஏரிக்கரைக்கும் இந்தச் சூட்சுமம் உண்டு. ஏரித்தண்ணீரின் மட்டம் எங்கும் ஒன்றுதான். அதைத் தாங்கும் கரையின் தலையும் அந்த மட்டத்தையே ஒட்டிப் போக வேண்டும். ஓரிடத்தில் தாழ்ந்தால் அங்கே உடைப்பு. வெள்ளத்துக்குப் பயந்து எழுப்பிய சமதளம் மிதிக்கிறவன் தொடைக்கு ஓய்வாக வாய்த்துவிட்டது. நம் ஊரில் கியர் வைத்த சைக்கிள் வாங்குகிறவர்கள் ஏன் வாங்குகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

டான்யூப் மாதிரி ஆற்றுப் பள்ளத்தாக்கு என்றதும் இரண்டு பக்கம் மலையும் நடுவே சலசலக்கும் தண்ணீரும் மனத்தில் வரும். பாலாற்றங்கரைக்காரரிடம் அப்படிக் கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, வயலூரில் கடல் சேர்கிற 348 கிலோமீட்டர் ஆறு இது. வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலுக்கு அடியில்தான் ஓட்டம். 2021 நவம்பரில் இரு கரையும் கொண்டு ஓடியபோது பாலத்துக்குப் பாலம் ஜனங்கள் நின்று, ஊருக்கு வந்த சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல் ஆற்றைப் பார்த்தார்கள்.

மற்றக் காலத்தில் பாலாற்றுத் தண்ணீரைப் பார்க்க விரும்புகிறவர் ஏரிக்குத்தான் வர வேண்டும். வாலாஜாபேட்டை அருகே 1850களில் கட்டிய பாலாற்று அணைக்கட்டிலிருந்து நான்கு கால்வாய்கள் பிரிகின்றன. இடக்கரையில் மகேந்திரவாடிக் கால்வாய், காவேரிப்பாக்கம் கால்வாய். வலக்கரையில் சக்கரமல்லூர்க் கால்வாய், தூசிக் கால்வாய். இந்தத் தூசிக் கால்வாய் வந்து விழும் இடம்தான் தூசி மாமண்டூர் ஏரி, வெம்பாக்கம் வட்டத்தின் பெரிய நீர்நிலை. பழைய காலத்தில் சித்திரமேகத் தடாகம். பல்லவன் மகேந்திரவர்மன் வெட்டுவித்தது என்பார்கள். மகேந்திரவாடி ஏரியும் அவனுடையதே. வெள்ளைக்காரப் பொறியாளர்கள் இழுத்த நான்கு கால்வாய்களில் இரண்டு, ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்திய ஒரே ராஜாவின் ஏரிகளைத் தேடிக்கொண்டு போகின்றன.

அந்த ராஜாவை நினைத்தால் எனக்குச் சைக்கிள் மறந்துபோகும். ஏரியை ஒட்டிய மாமண்டூர்க் குன்றில் குடைவரைகள் இருக்கின்றன. ஒன்றில் அவன் காலத்துக் கல்வெட்டு. சிதைந்து, வரிக்கு வரி ஓட்டை. தப்பிப் பிழைத்த எழுத்துகளில் ஒரு நாடகத்தின் பெயர் வருகிறது: மத்தவிலாசம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரியணையில் உட்கார்ந்திருந்த ஒருவன் தன் சொந்தத் தலைநகரத்தைக் கேலி செய்து எழுதிய சமஸ்கிருத அங்கதம். கதை இவ்வளவுதான். சத்தியசோமன் என்ற காபாலிகன், தேவசோமா என்ற துணைவியோடு காஞ்சித் தெருவில் தள்ளாடி வருகிறான். பிச்சை வாங்கும் கபாலத்தைக் காணவில்லை. கபாலம் போனதைவிட அதில் இருந்த வறுத்த இறைச்சி போனதே அவனுக்குத் துக்கம். எடுத்தது ஒரு நாயாக இருக்கலாம், அல்லது ஒரு பௌத்த பிட்சுவாக இருக்கலாம் என்று யோசிக்கிறான். அந்தப் பக்கம் நாகசேனன் என்ற பிட்சு துவராடைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வருகிறார். பிடித்துக்கொள்கிறான். இழுபறி. பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபதர் வருகிறார். அவருக்கும் உள்ளுக்குள் வேறு கணக்கு. சண்டை உச்சத்துக்குப் போகிற நேரத்தில் ஒரு பைத்தியக்காரன் கபாலத்தோடு வந்து நிற்கிறான். நாயிடமிருந்து பிடுங்கியதாம். முதல் சந்தேகமே சரி.

எல்லாச் சமயத்தாரையும் ஒரே தெருவில் விட்டு முட்டவைத்து, கடைசியில் நாயைக் குற்றவாளியாக்கிய அந்தத் துணிச்சலை இன்றைக்கு யாராவது காட்டினால் எத்தனை ஊரில் வழக்குப் போடுவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே கரைமேல் போவேன். நாடகம் அச்சேறியது 1917இல், திருவனந்தபுரத்தில், கணபதி சாஸ்திரி பதிப்பித்து. அதுவரை அதைக் காப்பாற்றியது மலையாள நாட்டு ஓலைச்சுவடி. கேரளக் கோயில்களில் சாக்கியார்கள் மத்தவிலாசத்தை நடிப்பது உண்டு, பிள்ளைவரம் வேண்டி நேர்ந்துகொண்டவர்களுக்காக. காஞ்சிக் குடிகாரனுக்கு அங்கே அப்படி ஒரு மரியாதை. அவன் தள்ளாடிய காஞ்சிக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்களில் அதை மேடையேற்றி நான் பார்த்ததில்லை.

தெருவில் தள்ளாடிக்கொண்டு போக அன்றைக்கு முடிந்திருக்கிறது, வண்டி வாகனம் இல்லாததால். இன்றைக்கு காஞ்சிபுரம் வந்தவாசி சாலையில் தள்ளாடாமல் போவதே பாடு. மாங்கால் கூட்ரோட்டில் தொழிற்பேட்டை வந்தபிறகு ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டிப் பறக்கும். சைக்கிள்காரன் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே ஜல்லியில் இறங்கிவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். வேலை வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். தறியை விட்டுவிட்டு அந்த பஸ்ஸில் ஏறிய பிள்ளைகள் எனக்கும் உறவுதான். பஸ் ஓட்டுகிறவர் ஹாரனிலிருந்து கையை எடுத்தால் தேவலை.

ரயில் வந்தால் சாலையில் நெரிசல் குறையும் என்று ஒரு காலத்தில் நம்பினோம். திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, செய்யாறு, ஆரணி வழியாக நகரிக்குப் புது ரயில்பாதை என்று 2006-07இல் அனுமதி கிடைத்தது. அன்றைக்குப் பிறந்த குழந்தை ஓட்டுப்போடும் வயதைத் தொட்டுவிட்டது. மற்ற தேசங்களில் ரயில் நின்றுபோன தடத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சைக்கிள் பாதை போடுகிறார்கள். நாம் ரயிலுக்கு முன்னாலேயே சைக்கிளை விட்டுப் பார்க்கலாம். நிலம் எடுத்த இடத்தில் மிதித்துக்கொண்டாவது இருக்கலாம்.

அதுவரை ஏரிக்கரைதான் வழி. அங்கே போகிறவனுக்கு உள்ள ஒரு கஷ்டம் தாகம். எதிரே கடல்போல் ஏரி இருக்கும், குடிக்க முடியாது. அந்த நேரத்தில் இந்த வட்டாரத்துப் பிரம்மதேசம் நினைவுக்கு வரும். அங்கே சந்திரமௌலீஸ்வரர் கோயிலில் ஒரு சோழர் கல்வெட்டு. கங்கையும் கடாரமும் கொண்ட ராஜேந்திரன் 1044இல் இறந்தபோது அரசி வீரமாதேவி உடன் உயிர்விட்டாள். அவளுடைய சகோதரன் அவர்கள் பொருட்டுத் தண்ணீர்ப் பந்தலுக்குத் தர்மம் வைத்தான் என்கிறது அது. கப்பற்படை கொண்டு கடல் கடந்தவன் பேரில் வழிப்போக்கனுக்கு ஒரு செம்பு தண்ணீர். வெயிலில் போகிற எனக்கு அவனுடைய விருதுப்பெயர்களைவிட அந்தச் செம்புதான் பெரிதாகத் தெரிகிறது.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் கரை கலகலப்பாகிவிடும். பிளஸ் ஒன் பெண்பிள்ளைகள் அரசாங்கம் கொடுத்த விலையில்லா மிதிவண்டிகளில் இரண்டு இரண்டு பேராகப் பேசிக்கொண்டு போவார்கள். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய திட்டம் அப்புறம் எல்லாருக்கும் விரிந்தது. சாலையில் ஒருவர் பின் ஒருவராக, பின்னால் திரும்பிப் பார்த்தபடி போகிற அதே பிள்ளைகள், கரைமேல் ஏறிவிட்டால் பக்கவாட்டில் வருவார்கள். பேசுவதற்கு அகலம் வேண்டும். டான்யூப் நண்பருக்கு இதைச் சொன்னேன். அங்கேயும் தம்பதிகள் பக்கத்தில் பக்கத்தில்தான் போகிறார்களாம், ஆனால் பேசிக்கொள்வதில்லையாம்.

அண்மையில், கரையைச் 'சீர்படுத்தி' மேலே தார் போட்டால் ஊருக்கு வசதி என்று டீக்கடையில் ஒரு பேச்சு கேட்டது. அப்படிப் போட்டால் முதல் நாளே டிராக்டரும் டிப்பரும் ஏறும், மறுநாள் சைக்கிள் இறங்கும். கரையை ஆள்கிறவர்களுக்கு என் வேண்டுகோள்: தார் வேண்டாம், விளக்கு வேண்டாம், செல்ஃபி மேடை வேண்டவே வேண்டாம். சரிவில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தை மட்டும் வேரோடு பிடுங்குங்கள். கரைமேல் போகிற சைக்கிளுக்கு எதிரி லாரி கிடையாது, அந்த முள்தான்.

பிடுங்குகிற வரைக்கும், போக நினைக்கிறவர்கள் கார்த்திகைக்கு மேல் தை முடிவதற்குள் போங்கள். ஏரியில் தண்ணீர் நிற்கும், வெயில் ஏறாது. தண்ணீர்ப் பாட்டிலோடு பம்பும், ஒட்டும், சொல்யூஷனும் எடுத்துக்கொள்ளுங்கள். கரைமேல் பஞ்சர் கடை கிடையாது.